புதுச்சேரி அருங்காட்சியகமும் பழைய இடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து வரும் உறவினர்கள், பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள், விடுமுறைக்கு வரும் நண்பர்கள் எனப் பலரும் புதுச்சேரிக்குப் புறப்படும் முன் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. தனித்தனியே பதில் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உணவகம், தங்குமிடம், படகுச் சவாரி பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன். அவற்றுக்கு வழிகாட்ட ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

சின்ன ஊர்தானே, ஒரே நாளில் எல்லாத்தையும் பார்த்துடலாமா?

பழைய நகரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் பார்க்கலாம். அருங்காட்சியகம், பாரதி பூங்கா, அரவிந்தர் ஆசிரமம், தேவாலயங்கள், பாரதியார் வீடு ஆகிய அனைத்தும் நடக்கக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. ஆனால் பழந்துறைமுகம் இருந்த அரிக்கமேடு, நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டரிலும், பாகூர், கீழூர், திருவக்கரை போன்றவை இன்னும் தள்ளியும் இருப்பதால், அவற்றையும் ஒரே நாளில் சேர்க்க முயல்வோர் எதையும் பார்க்காமல் வண்டியில் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பார்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் அருங்காட்சியகம், பிறகு வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள தமிழர் பகுதி, வெயில் தாழ்ந்ததும் அரிக்கமேடு, இருட்டிய பின் கடற்கரைச் சாலை என்ற வரிசையைப் பரிந்துரைப்பேன். அருங்காட்சியகத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அது அரிக்கமேடு பற்றிய கேள்வியில் விளங்கும்.

எந்தக் கிழமை வந்தால் நல்லது?

திங்கட்கிழமை வேண்டாம். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அன்று வார விடுமுறை. அரசு விடுமுறை நாட்களிலும் அது மூடப்பட்டிருக்கும். சனி, ஞாயிறுகளில் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பான ஒயிட் டவுன் தெருக்களில் படம் எடுப்போர் கூட்டம் மிகுதியாக இருப்பதால், கட்டடத்தை நின்று பார்ப்பதற்கு இடமே கிடைக்காது. செவ்வாய் முதல் வெள்ளி வரை எந்த நாளும் தகும்.

நண்பகல் நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஆசிரமம் 12 மணிக்கு மூடி 2 மணிக்குத் திறக்கிறது. கோயில்களும் உச்சிப்பொழுதில் நடை சாத்திவிடும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு ஒதுக்குவதே முறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரிக்கமேட்டுப் பாதை சேறாகிவிடும் என்பதால், முடிந்தால் மார்கழி முதல் மாசி வரையிலான காலத்தில் வாருங்கள்.

கட்டணம் எவ்வளவு ஆகும்?

அருங்காட்சியகத்துக்கு ஆளுக்கு ஒரு சிறு தொகை வாங்குகிறார்கள்; வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். சில்லறையாக வைத்திருங்கள். ஆசிரமம், தேவாலயங்கள், கோயில்கள், அரிக்கமேடு ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. ஆட்டோவுக்குத்தான் அதிகம் செலவாகும். ஏறும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மியூசியத்துல அப்படி என்ன இருக்கு? அரை மணியில் முடிஞ்சிடுச்சே?

பாரதி பூங்காவை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில், 1983-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இந்த அருங்காட்சியகம் அளவில் சிறியதுதான். சென்னை எழும்பூரை மனத்தில் வைத்துக்கொண்டு வருவோர் ஏமாந்து திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே இருப்பவற்றுள் பல இந்த மண்ணிலேயே கிடைத்தவை. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அரை மணி போதாது.

முதலில் நிற்க வேண்டிய இடம் அரிக்கமேட்டுப் பொருட்கள் வைக்கப்பட்டிருக்கும் பேழைகள். உடைந்த மண்பாண்டத் துண்டுகள்தானே என்று கடந்துவிடாதீர்கள். கூம்பிய அடியும் இரண்டு பிடிகளும் கொண்ட மதுச்சாடிகள் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து கப்பலில் வந்தவை. அந்தக் கூம்பிய அடி தரையில் நிற்காதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று செருகி அடுக்குவதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று சொல்லுங்கள். பக்கத்திலேயே இருக்கும் சிறு கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் இங்கேயே செய்யப்பட்டு வெளியே அனுப்பப்பட்டவை. வந்ததும் போனதும் ஒரே பேழையில் இருப்பதுதான் இந்த அறையின் சிறப்பு.

அடுத்து சோழர் காலச் செப்புத்திருமேனிகளும் கற்சிற்பங்களும். பிரெஞ்சுக்காரர் காலத்து மரச்சாமான்கள், பல்லக்கு, வண்டிகள் ஆகியவற்றைப் பார்க்கவே பெரும்பாலோர் வருகிறார்கள். ஆள் பின்னாலிருந்து தள்ள, உள்ளே அமர்ந்திருப்பவர் முன்னாலுள்ள கைப்பிடியால் திருப்பி ஓட்டிய ‘பூஸ் பூஸ்’ வண்டி அவற்றுள் ஒன்று. யார் தள்ளினார்கள், யார் அமர்ந்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கத் தக்க பொருள் அது.

அங்கே இருக்கிற கட்டில் டூப்ளே படுத்த கட்டில்தானா?

அப்படித்தான் சொல்லி வருகிறார்கள். டூப்ளே 1742 முதல் 1754 வரை இங்கே ஆளுநராக இருந்தவர். அவர் போன ஏழாம் ஆண்டில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து அடியோடு இடிக்கப்பட்டது. அந்த அழிவைத் தாண்டி ஒரு கட்டில் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்றால் அதற்கு நல்ல சான்று வேண்டும். வழிவழியாக வரும் செய்தி என்ற அளவில் கேட்டுக்கொண்டு, மரவேலையின் நேர்த்தியைப் பாருங்கள்; அதில் ஐயத்துக்கு இடமில்லை.

அரிக்கமேட்டுக்குப் போனோம், அங்கே ஒண்ணுமே இல்லையே?

என்னிடம் அதிகம் வரும் குறை இதுதான். கீழடியைப் போலக் குழிகளும் கூரையும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறார்கள். இருப்பதோ தென்னையும் மாமரமும் சூழ்ந்த ஆற்றங்கரை மேடு. அகழ்ந்த குழிகளை மீண்டும் மண்ணிட்டு மூடிவிட்டார்கள். கிடைத்த பொருட்களில் ஒரு பகுதியைத்தான் நீங்கள் அருங்காட்சியகத்தில் பார்க்கிறீர்கள். ஆகவே அதைப் பார்க்காமல் அரிக்கமேட்டுக்குப் போவது, கடிதத்தை வீட்டில் விட்டுவிட்டு உறையை மட்டும் கையில் எடுத்துப் போவது போன்றது.

இந்த மேட்டைப் பற்றி எழுதிய முதல் ஐரோப்பியர்களுள் ஒருவர் லெ ஜென்டீல் என்ற பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண 1769-இல் புதுச்சேரியில் காத்திருந்த அவருக்கு, அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது. ஆனால் ஆற்றங்கரையில் தெரிந்த பழைய செங்கற்சுவர்களையும் கிணறுகளையும் அவர் குறித்துவைத்தார். 1930-களில் சூவோ துப்ராய் என்ற பிரெஞ்சு ஆசிரியர் இங்கே கிடைத்த மணிகளையும், உரோமப் பேரரசன் அகஸ்டசின் தலை செதுக்கப்பட்டதாகக் கருதப்பட்ட ஒரு கல்லையும் கண்டு, இது உரோமத் தொடர்புள்ள இடம் என்று கூறினார். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்டிமர் வீலர் 1945-இலும், பிரெஞ்சு அறிஞர் கசால் 1947 முதல் 1950 வரையிலும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் அகழ்ந்தார்கள்.

வீலரின் அகழ்வு ஏன் பேசப்படுகிறது என்றால், இத்தாலியில் செய்யப்பட்ட ‘அரிட்டைன்’ என்னும் சிவப்புப் பாண்டங்களின் காலம் அங்கே நன்றாகத் தெரிந்திருந்தது. அதே மண்ணடுக்கில் நம் ஊர்ப் பாண்டங்களும் கிடைத்ததால், அவற்றின் காலத்தையும் உறுதியாகச் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடைத்தது அப்போதுதான். உரோமர் இங்கே குடியேறி ஊர் அமைத்தார்கள் என்ற பழைய கருத்தைப் பின்னைய ஆய்வுகள் ஏற்கவில்லை. உரோமப் பொருட்கள் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகளில் நம்மவர் பெயர்களே காணப்படுகின்றன. கிரேக்க மாலுமிகளின் குறிப்பேடான ‘பெரிப்ளூஸ்’ கூறும் ‘பொதுகே’ என்ற துறைமுகம் இதுவே என்பது பெரும்பாலோர் ஏற்ற கருத்து.

அங்கே இடிந்த சுவர்கள் நிற்கின்றனவே, அவை உரோமர் கட்டியவை இல்லையா?

இல்லை. மேட்டின் மீது இன்று கண்ணுக்குத் தெரியும் பெரிய செங்கற்சுவர்கள் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் நடத்திய குருமடத்தின் இடிபாடுகள். அவற்றின் முன் நின்று ‘இரண்டாயிரம் ஆண்டுப் பழமை’ என்று படம் எடுத்துப் போடுவோர் பலர். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை அவர்களின் காலுக்கடியில் இருக்கிறது.

எப்படிப் போவது? பிள்ளைகள் மணி பொறுக்கலாமா?

கடலூர் செல்லும் பேருந்தில் ஏறி அரியாங்குப்பத்தில் இறங்கினால், அங்கிருந்து காக்காயன்தோப்பு வழியாக ஆட்டோவில் போகலாம். கடலூரிலிருந்து வருவோர் நகருக்குள் போகாமலே வழியில் இறங்கிவிடலாம் என்றாலும், மேலே சொன்ன காரணத்தால் அருங்காட்சியகத்தை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் இறங்குவது மேல். குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அந்தி சாயும் முன் திரும்பிவிட வேண்டும். ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம் பெருகும். தேர்த்திருவிழா நாளில் அந்தச் சாலைப் பக்கமே வண்டியைக் கொண்டுபோக முடியாது.

மணி, ஓடு எதையும் எடுக்கக் கூடாது. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். மழைக்குப் பின் மேலே தெரியும் சிறு மணியும் அதற்குள் அடக்கம். எடுத்து வந்த மணிக்கு வீட்டு மேசை இழுப்பறையில் எந்தப் பொருளும் இல்லை. கிடந்த இடத்தில்தான் அது சான்று.

ஒயிட் டவுன் வீடுகள் எல்லாம் 300 வருஷம் பழசு என்கிறார்களே?

வாசலில் நின்று அப்படிச் சொல்லும் வழிகாட்டிகளை நானும் கேட்டிருக்கிறேன். பிரான்சுவா மார்த்தேன் 1674-இல் இங்கே பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிறுவினார். 1693-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்தார்கள். இன்று நாம் வியக்கும் நேர்நேரான தெருக்களின் வரைபடம் அவர்கள் காலத்தது. 1761 ஜனவரியில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை நகரைப் பிடித்து, கோட்டையையும் ஐரோப்பியர் குடியிருப்பையும் திட்டமிட்டு இடித்தது. 1765-இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்த பிறகே மறுபடி கட்டினார்கள். எனவே தெருக்கள் பழையவை, வீடுகள் அவற்றைவிட இளையவை. இன்று நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

சில தேதிகளை நினைவில் வைத்துக்கொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. பழைய கலங்கரை விளக்கம் 1836-இல் முதன்முதலாக ஏற்றப்பட்டது. கப்ஸ் கோயில் என்று மக்கள் சொல்லும் தூய தேவதைகளின் அன்னை ஆலயம் 1855-ஐச் சேர்ந்தது. கடற்கரைச் சாலையிலுள்ள மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடமோ 2014 மழையில் இடிந்து விழுந்து, பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. பார்க்கப் பழையது, கட்டியது புதியது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு மாண்ட புதுச்சேரி வீரர்களுக்கான நினைவுச்சின்னம் 1938-இல் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று அதற்கு விளக்கலங்காரம் செய்கிறார்கள்.

அப்படியானால் கோட்டை எங்கே? ஒரு கல்கூட இல்லையா?

இன்றைய பாரதி பூங்காவும் அதைச் சுற்றியுள்ள அரசுக் கட்டடங்களும் இருக்கும் பகுதியில்தான் லூயி கோட்டை நின்றது. 1761 இடிப்பில் அது தரைமட்டமாயிற்று. திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதை மறுபடி எழுப்பவில்லை. பூங்காவைச் சுற்றி ஒரு முறை நடந்தால் அதன் பரப்பை ஓரளவு ஊகிக்கலாம். அதற்கு மேல் காண எதுவும் இல்லை.

ஆயி மண்டபத்தைக் கட்டியது கிருஷ்ணதேவராயரா, நெப்போலியனா?

இரண்டு பெயர்களும் வருவதால் குழப்பம். கதை இதுதான்: இவ்வழியே வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் திகழ்ந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பினார், அது ஆயி என்ற தாசியின் வீடு என்று அறிந்ததும் சினந்து இடிக்கச் சொன்னார், ஆயி அவகாசம் கேட்டுத் தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். அந்த முத்திரைப்பாளையத்து நீர் பிற்காலத்தில் வாய்க்கால் வழியாகப் புதுச்சேரிக்குக் கொண்டுவரப்பட்டது. மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில் அதன் நினைவாகப் பாரதி பூங்காவிலுள்ள இந்த வெண்ணிற மண்டபம் எழுப்பப்பட்டது.

ஆக, கதை 16-ஆம் நூற்றாண்டைப் பற்றியது, மண்டபம் 19-ஆம் நூற்றாண்டினது. நடந்ததா என்பதற்குக் கல்வெட்டைத் தேடாதீர்கள். ஒரு தாசியின் பெயரால் அமைந்த மண்டபம் புதுச்சேரி அரசின் சின்னமாகவே விளங்குகிறது. வேறெந்த அரசுக்கு இப்படி வாய்த்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

ராஜ்நிவாஸ் உள்ளே போய்ப் பார்க்கலாமா?

அது துணைநிலை ஆளுநரின் மாளிகை. வழக்கமான பார்வைக்கு அனுமதி இல்லை. பூங்காப் பக்கமிருந்து முகப்பைப் பார்த்துக்கொள்ளலாம். காவலர்களிடம் வாதிட்டுப் பயனில்லை.

வாய்க்காலுக்கு மேற்கே பார்க்க என்ன இருக்கு? எல்லாரும் மஞ்சள் சுவர்ப் பக்கம்தானே போறாங்க?

இந்தக் கேள்விக்காகவே இப்பக்கத்தைத் தொகுத்தேன் என்று சொன்னாலும் தவறில்லை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர், மேற்கே தமிழர் என்று நகரம் பிரிந்திருந்தது. கிழக்கில் வீடு உயர்ந்த மதிலுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். தெருவில் போகிறவருக்குத் தெரிவது வளைவு வாசலும் மரச்சட்டச் சன்னல்களுமே. மேற்கில் வீடு தெருவை நோக்கித் திண்ணையை நீட்டி, மேலே ஓட்டுத் தாழ்வாரம் போட்டு, வழிப்போக்கருக்கு நிழல் தரும். உள்ளே முற்றம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் புதுச்சேரி எப்படி வாழ்ந்தது என்பது புரியும்; ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போவோர் பாதி நகரத்தையே பார்க்கிறார்கள்.

வைசியாள் வீதி எனப்படும் கால்வே சுப்பராய செட்டி வீதியில் தமிழர் வீடுகளின் முகப்புகளைப் பழைய வடிவில் மீட்டெடுத்திருக்கிறார்கள். அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இன்னும் தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் இஸ்லாமியர் குடியிருப்பு வேறொரு சாயலில் அமைந்திருக்கிறது. இவை மக்கள் வாழும் வீடுகள் என்பதை மறவாமல், திண்ணையில் ஏறுவதற்கு முன் வீட்டாரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய மார்க்கெட்டை அடுத்து ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர் அவர். கீழ்த்தளம் மரத்தூண்களுடன் தமிழ் முறையிலும், மேல்தளம் சுண்ணத் தூண்களுடன் பிரெஞ்சு முறையிலும் அமைந்த அவ்வீடு, மேற்சொன்ன இரு பாணிகளும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்ததற்குச் சான்று. நகரம் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் அவரும் காலமானார். வேதபுரீசுவரர் கோயில் 1748-இல் இடிக்கப்பட்டதை அவர் எழுதியிருக்கும் பகுதியைப் படித்துவிட்டு வந்தால், அந்தத் தெருக்களில் நடப்பது வேறு அனுபவமாக இருக்கும். வீடு தனியார் வசம் இருப்பதால், உள்ளே பார்க்க முன்கூட்டியே இசைவு பெற வேண்டும்.

பாரதியார் வீடும் பாரதிதாசன் வீடும் ஒன்றா?

வேறு வேறு. பாரதியார் வாழ்ந்த வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அருங்காட்சியகமாகவும் ஆய்வு மையமாகவும் இருக்கிறது. ஆங்கில அரசின் கைதுக்குத் தப்பி 1908-இல் வந்தவர் 1918 வரை இங்கே தங்கினார். ‘கண்ணன் பாட்டு’, ‘குயில் பாட்டு’, ‘பாஞ்சாலி சபதம்’ ஆகியவை அந்தப் பத்தாண்டில் பிறந்தவை. பாரதிதாசன் 1891-இல் இதே நகரில் பிறந்தவர். அவருடைய வீடு பெருமாள் கோயில் வீதியில் நினைவு இல்லமாக உள்ளது. இரண்டுக்கும் நடந்தே போகலாம். கையெழுத்துப் படிகள், நிழற்படங்கள், கடிதங்கள் என நிதானமாகப் படிக்க வேண்டிய பொருட்கள் இருப்பதால், களைத்துப்போன பிற்பகலில் இவற்றை வைக்காதீர்கள்.

ஆசிரமத்துக்குள் கைக்குழந்தையோடு போகலாமா?

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. பெரியவர்கள் மாறி மாறிப் போய் வரலாம். செருப்பை வெளியே விட்டு, கைப்பேசியை அணைத்து, பேச்சின்றி நடக்க வேண்டும். அரவிந்தர் 1910-இல் புதுச்சேரி வந்தார். ஆசிரமம் 1926-இல் தொடங்கியது. அரவிந்தர், அன்னை இருவரின் சமாதி உள்முற்றத்தில் மலர்களால் மூடப்பட்டிருக்கும். அங்கே காண்பதற்குப் பொருட்கள் இல்லை. அமர்வதற்கே மக்கள் வருகிறார்கள்.

எங்கெல்லாம் படம் எடுக்கலாம்?

தெருவிலும் பூங்காவிலும் தடையில்லை. ஆசிரமத்துக்குள் கூடாது. அருங்காட்சியகத்தில் சீட்டு வாங்கும்போதே கேட்டு, அவர்கள் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். தேவாலயங்களில் வழிபாடு நடக்கும்போது எடுக்காமல் இருப்பதே பண்பு. மிஷன் வீதியிலுள்ள சம்பா கோயிலும், தொடருந்து நிலையத்துக்கு எதிரேயுள்ள திருஇருதய பசிலிக்காவும் வழிபாட்டு இடங்கள், படப்பிடிப்புத் தளங்கள் அல்ல. தனியார் வீட்டு வாசல்களில் திருமணப் படம் எடுப்போரால் தொல்லைப்பட்டு ‘படம் எடுக்காதீர்’ என்று எழுதி வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

ஓலைச்சுவடி நிறைய இருக்காமே, அதைப் பார்க்க முடியுமா?

செயின்ட் லூயி வீதியிலேயே 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், தூமா வீதியிலுள்ள தூரக்கிழக்கு பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து ஏறத்தாழ 11,000 சுவடிகளைக் காத்து வருகின்றன. பெரும்பாலும் சைவ ஆகமங்களும் அவை சார்ந்த நூல்களும். அத்தொகுப்பு 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆனால் இவை ஆய்வு நிறுவனங்கள், காட்சிக்கூடங்கள் அல்ல. ஆய்வு நோக்கம் உடையவர்கள் முன்கூட்டியே எழுதி நேரம் பெற்றுச் செல்ல வேண்டும். குடும்பத்தோடு வாசலில் போய் நின்று கேட்பது முறையாகாது.

ஓவியக் கண்காட்சி எங்கே நடக்கும்?

நிலையான பெரிய ஓவியக்கூடம் என்று எதிர்பார்த்து வராதீர்கள். தூமா வீதியிலுள்ள அலியான்ஸ் பிரான்சேயின் காட்சிக்கூடத்தில் அவ்வப்போது கண்காட்சிகள் மாறும். அரியாங்குப்பத்திலுள்ள பாரதியார் பல்கலைக்கூடத்து மாணவர்களின் படைப்புகள் காட்சிக்கு வரும்போது தவறவிடாதீர்கள். வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்களும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றைச் செய்யும் கைகளைக் காண விரும்புவோர், கடலூர் சாலையிலுள்ள முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமத்தில் இறங்கலாம். அரிக்கமேட்டுக்குப் போகும் வழிதான்.

வயதானவர்களால் இவ்வளவு நடக்க முடியுமா?

தரை மட்டமானது, வெயிலே தடை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை என்பதால் அந்நேரத்தில் இறங்கி நடக்கவே வேண்டும். ஆனால் உட்கார இடம் உண்டு.

புதுச்சேரிக்கு விடுதலை நாள் எது? நவம்பர் 1-ஆ, ஆகஸ்ட் 16-ஆ?

பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றும், 8 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று ஆட்சி நடைமுறையில் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்துச் சட்டப்படி முழுமையாக மாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்று. விடுதலை நாளாக நவம்பர் 1-ஐயும், சட்டப்படி மாறிய நாளாக ஆகஸ்ட் 16-ஐயும் கொண்டாடுகிறார்கள். பின்னதற்கான விழா கீழூர் நினைவிடத்தில் நடைபெறும். வில்லியனூர்ப் பக்கம் இருக்கும் அந்தச் சிற்றூருக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவதே இல்லை. இந்த வரலாற்றைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியருக்கு ஒயிட் டவுனைவிட அதுவே பொருத்தமான இடம்.

இன்னொரு நாள் கிடைத்தால் எங்கே போகலாம்?

தெற்கே என்றால் பாகூர். மூலநாதர் கோயில் சோழர் காலக் கற்றளி, கல்வெட்டுகள் நிறைந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் அங்கிருந்த கல்விச்சாலைக்கு ஊர்களைக் கொடையளித்ததைக் கூறும் பாகூர்ச் செப்பேடுகள் ஆய்வாளரிடையே புகழ் பெற்றவை. வடமேற்கே என்றால் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை. வக்கரகாளியைத் தரிசிக்க வருவோரில் பலர், பக்கத்திலேயே ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன மரங்கள் கிடப்பதை அறியாமல் திரும்பிவிடுகிறார்கள். அவை புதைந்திருக்கும் பாறையடுக்குக்குப் புவியியலாளர் இட்ட பெயர் ‘கடலூர் மணற்கல்’ என்பது எங்கள் பக்கத்தாருக்குக் கூடுதல் செய்தி.

கடலூரிலும் கோட்டை இருந்ததாமே, அதையும் சேர்த்துப் பார்க்கலாமா?

தேவனாம்பட்டினத்தில் கெடிலத்தின் கரையில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுந்த தொலைவு வரையுள்ள ஊர்கள் அவர்களுக்கு என்பது பேச்சு. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது ஆங்கிலேயருக்கு இதுவே தலைமையிடமாயிற்று. 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை இதைப் பிடித்து இடித்தது. மூன்றாண்டு கழித்துப் புதுச்சேரிக் கோட்டைக்கு நேர்ந்ததை மேலே படித்திருப்பீர்கள். முறை வைத்து இடித்துக்கொண்டார்கள். இன்று எஞ்சியிருப்பது சிதைந்த சில பகுதிகளே. கோட்டை என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள்.

கடலூர் அரசு அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ள விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. மாவட்ட அருங்காட்சியகங்கள் இரண்டாம் சனிக்கிழமையும் திறப்பதில்லை. புதுச்சேரிக்குத் திங்கள். இரண்டு ஊர்களையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவர்கள் செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாட்களுக்குள் திட்டமிட்டுக்கொள்ளலாம்.